அறுபது ஓமில் தொடங்குங்கள்: படகு எஞ்சின் நெட்வேர்க் பழக வருபவர்களுக்கு

மருதானையில் வாகன வயரிங் செய்து பழகியவன் நான். அந்தத் தைரியத்தில்தான் டிக்கோவிட்டத் துறைமுகத்தில் நின்ற ஒரு படகின் எஞ்சின் அறைக்குள் முதன்முதலாக இறங்கினேன். மீற்றர் வேலை செய்யவில்லை, வந்து பார் என்றார்கள். ஒயில் பிரஷருக்கு ஒரு வயர், வெப்பநிலைக்கு ஒன்று, ஆர்பிஎம்முக்கு ஒன்று என்று ஒரு கொத்து வயர் மேலே போகும் என்றுதானே நினைப்போம்? தேடித் தேடிப் பார்த்தேன், அப்படி ஒன்றும் இல்லை. எஞ்சினிலிருந்து மேலே ஸ்டியரிங் பக்கம் போனது சுண்டுவிரல் தடிப்பில் ஒரே ஒரு கேபிள். என்னைக் கூட்டிக்கொண்டு போன அண்ணன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, அதுக்குள்ள ரெண்டு வயர்தான் கதைக்குது, மத்ததெல்லாம் சும்மா கரண்ட்" என்றார். நான் நம்பவில்லை. அன்று பின்னேரம் வரை நம்பாமலே கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

இது யாருக்காக என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கார், வான், லொறி என்று கைவைத்துப் பழகி, ஸ்கேனர் போட்டுப் பார்க்கத் தெரிந்து, இப்போது படகுப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு. மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கும் சமுத்திரப் பல்கலைக்கழகத்தில் கடல்சார் எஞ்சின் படிக்கும் பிள்ளைகளுக்கும் உதவலாம். முகத்துவாரத்தில் நிற்கும் பல நாள் படகுகளில் பெரும்பாலானவற்றுக்கு இது தேவையே இல்லை. அவற்றின் டீசல் எஞ்சின்கள் பழைய முறையில், இயந்திரப் பம்பு ஒன்று எண்ணெயைத் தள்ள, கேபிளை இழுத்தால் வேகம் கூடுகிற மாதிரி ஓடுபவை. மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன அவுட்போர்ட் மோட்டார்களும் அப்படித்தான். ஆனால் புதிதாக வரும் உல்லாசப் படகு, ரோந்துப் படகு, துறைமுகத்துக்குள் ஓடும் வேலைப் படகு, பெரிய ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்ட், இவற்றைத் திறந்தால் உள்ளே ஒரு கணினி உட்கார்ந்திருக்கும். அதைத்தான் இசியு என்கிறோம்.

பழைய எஞ்சினில் இன்ஜெக்ஷன் பம்புக்குள் இருக்கும் கவர்னர்தான் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று முடிவு செய்யும். புதிய கொமன் ரெயில் எஞ்சினில் ஒரு தடித்த குழாயில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் காத்துக்கொண்டிருக்கும், எந்த இன்ஜெக்டரை எப்போது, எவ்வளவு நேரம் திறப்பது என்பதை இசியு தீர்மானிக்கும். அதைத் தீர்மானிக்க அதற்கு எல்லாம் தெரிய வேண்டும்: கிராங்க் எங்கே நிற்கிறது, தண்ணீர் எவ்வளவு சூடு, ஒயில் அழுத்தம் என்ன, உள்ளே வரும் காற்று எவ்வளவு. ஆகவே சென்சர் வயர் எல்லாம் ஏற்கனவே இசியுவுக்குள் போய்விட்டன. அதே விஷயத்தை மீற்றருக்குக் காட்ட இன்னொரு சென்சர், இன்னொரு வயர் எதற்கு? இசியு தனக்குத் தெரிந்ததை எண்ணாக்கி இரண்டு வயரில் சொல்லிக்கொண்டே இருக்கும், தேவையானவர் கேட்டுக்கொள்ளலாம். அந்த இரண்டு வயருக்குப் பெயர் கேன் பஸ். போஷ் நிறுவனம் கார்களுக்காக உருவாக்கி 1986இல் வெளியிட்ட முறை இது. படகுக்கு என்று தனியாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஹைபிரிட் காருக்குள்ளும் இதுதான் ஓடுகிறது.

அந்த இரண்டு வயரில் ஒன்று கேன் ஹை, மற்றது கேன் லோ. யாரும் பேசாத நேரத்தில் இரண்டுமே 2.5 வோல்ற்றில் சும்மா நிற்கும். ஒரு கருவி 0 என்று சொல்ல விரும்பினால் ஹை வயரை 3.5க்குத் தூக்கி, லோ வயரை 1.5க்கு இறக்கும். 1 என்று சொல்ல வேண்டுமானால் ஒன்றுமே செய்யாது, கையை விட்டுவிடும், வயர்கள் தாமாகவே 2.5க்கு வந்துவிடும். கேட்பவர் தரையிலிருந்து, அதாவது பற்றரியின் மறை முனையிலிருந்து, எத்தனை வோல்ற் என்று பார்ப்பதில்லை, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் என்று மட்டும் பார்க்கிறார். ஏன் இப்படி? ஒரு படகில் இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் மற்றவரைவிட அரை அடி உயரம். பெரிய அலை வந்து படகையே தூக்கினாலும் அந்த அரை அடி மாறாது. ஸ்டார்ட்டர் மோட்டாரோ அல்டர்னேற்றரோ கிளப்பிவிடும் மின் இரைச்சலும் அந்த அலை மாதிரிதான், இரண்டு வயரையும் சேர்த்தே தூக்கும், வித்தியாசம் அப்படியே நிற்கும். அதனால்தான் இரண்டும் ஒன்றோடொன்று முறுக்கியே வருகின்றன. யாராவது 'அவசரத்துக்கு' என்று முறுக்காத இரண்டு தனி வயரை இடையில் போட்டு ஒட்டியிருந்தால், அந்த இடத்தில் இரண்டும் ஒரே மாதிரித் தூக்கப்படும் என்று நம்ப முடியாது. இந்த 'அவசரத்துக்கு' ஒட்டுகளைத்தான் நான் அதிகம் பிரித்திருக்கிறேன்.

சரி, எல்லோரும் ஒரே வயரில் கதைத்தால் குழப்பம் வராதா? பேலியகொட மீன் சந்தையில் விடியற்காலை நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வரும், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினால் யார் சொன்னது யாருக்குக் கேட்கும்? கேன் பஸ்ஸின் கெட்டித்தனம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு செய்தியும் தன் அடையாள எண்ணைச் சொல்லிக்கொண்டுதான் தொடங்கும், அந்த எண்ணின் முன்பகுதிதான் அதன் முன்னுரிமை. இரண்டு கருவிகள் ஒரே கணத்தில் தொடங்கிவிட்டன என்று வைப்போம். ஆர்பிஎம் செய்தியின் முன்னுரிமை எண் 3, இரும எண்ணில் 011. தண்ணீர் வெப்பநிலைச் செய்தியின் முன்னுரிமை 6, அதாவது 110. முதல் பிட்டில், அதாவது முதல் இலக்கத்தில், ஒன்று 0 சொல்கிறது, மற்றது 1 சொல்கிறது. 0 என்றால் இழுத்துப் பிடிப்பது, 1 என்றால் கையை விடுவது என்று மேலே சொன்னேன் அல்லவா? ஒருவர் இழுத்துப் பிடித்தால் போதும், வயர் இழுபட்டுத்தான் நிற்கும். 1 சொன்ன கருவி வயரைப் பார்க்கிறது, தான் கையை விட்டும் வயர் இழுபட்டிருப்பது தெரிகிறது, 'சரி, என்னைவிட முக்கியமானவர் பேசுகிறார்' என்று அந்த இடத்திலேயே வாயை மூடிக்கொள்கிறது. பேசிக்கொண்டிருந்த ஆர்பிஎம் செய்திக்கு ஒரு பிட் கூடச் சேதமில்லை, அது தடங்கல் வந்ததே தெரியாமல் முடிந்துவிடும். வெப்பநிலை அடுத்த முறை வரும். இங்கே சின்ன எண்தான் பெரிய ஆள்.

தவறாகக் கேட்ட செய்தியை எந்தக் கருவி வேண்டுமானாலும் இடையில் குறுக்கிட்டு அழித்துவிடலாம், அனுப்பியவர் மறுபடி அனுப்புவார். இன்னொன்றும் உண்டு. அனுப்பும்போது பிழை வந்தால் கருவி தன் பிழைக் கணக்கில் 8 கூட்டிக்கொள்ளும், ஒழுங்காகப் போனால் 1 கழித்துக்கொள்ளும். அந்தக் கணக்கு 255ஐத் தாண்டினால், தன்னால்தான் பஸ் கெடுகிறது என்று எடுத்துக்கொண்டு தானாகவே வெளியேறிவிடும். இந்த நாகரிகம் நம்மில் பலருக்கு இல்லை.

இதுவரை சொன்னது எப்படிக் கதைப்பது என்பது மட்டும்தான். என்ன மொழியில் கதைப்பது என்பது வேறு விஷயம், புதிதாக வருபவர்கள் வழுக்கும் இடமும் அதுதான். பெரிய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் பேசும் மொழி ஜே1939. லொறி, பஸ், ஜெனரேற்றர், டிராக்டர் எல்லாம் பேசும் அதே மொழி, ஆகவே லொறி ஸ்கேன் பண்ணியவர்களுக்கு இது ஏற்கனவே பாதி தெரியும். வழக்கமான வேகம் செக்கனுக்கு 250 கிலோபிட். ஒவ்வொரு செய்திக்கும் 29 பிட் அடையாள எண் உண்டு, அதில் முதல் 3 பிட் முன்னுரிமை, அடுத்த 18 பிட் 'என்ன விஷயம்' என்பதைச் சொல்லும் பிஜிஎன் எண், கடைசி 8 பிட் 'யார் பேசுகிறார்' என்ற முகவரி. முதலாவது எஞ்சினுக்கு முகவரி 0. அதன் பிறகு 8 பைட் தகவல் (8 பிட் சேர்ந்தால் ஒரு பைட்), அவ்வளவுதான்.

ஒரு உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்த்தால்தான் இது மண்டைக்குள் ஏறும். பிஜிஎன் 61444 என்பது எஞ்சினின் வேகம் வரும் செய்தி. அதில் நான்காவது, ஐந்தாவது பைட்டுகளில் ஆர்பிஎம் இருக்கும். அந்த இரண்டு பைட்டும் பதினாறடிமான (ஹெக்ஸ்) எண்ணில் 80, 15 என்று வந்திருக்கின்றன என்போம். இங்கே சின்னப் பைட் முதலில் வரும் வழக்கம், ஆகவே திருப்பிப் போட்டு 1580 என்று வாசிக்க வேண்டும். அதைச் சாதாரண எண்ணாக்கினால் 5504. ஒவ்வொரு எண்ணும் 0.125 ஆர்பிஎம். 5504ஐ 8ஆல் வகுத்தால் 688. எஞ்சின் ஐடிலில் நிற்கிறது. வெப்பநிலை இதைவிடச் சுலபம்: பிஜிஎன் 65262, முதல் பைட், வந்த எண்ணிலிருந்து 40ஐக் கழித்தால் பாகை செல்சியஸ். பதினாறடிமானத்தில் 78 என்று வந்தால் சாதாரண எண்ணில் 120, 40 போனால் 80 பாகை. ஏன் 40 கழிக்கிறார்கள் என்றால், பனி நாட்டில் ஓடும் எஞ்சினுக்கு மறைப் பெறுமானமும் காட்ட வேண்டுமே. கொழும்பில் அந்த 40 வீண்தான். ஒரு பைட் முழுக்க 255 என்று வந்தால் அந்தச் சென்சர் இல்லை அல்லது தகவல் இல்லை என்று பொருள், அதை 215 பாகை என்று கணக்குப் போட்டுப் பதறிப்போய் எஞ்சினை நிறுத்தாதீர்கள்.

பழுதுச் செய்திகளும் இதே வயரில்தான் வருகின்றன, பிஜிஎன் 65226. அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: எஸ்பிஎன் என்பது எந்த விஷயம், எஃப்எம்ஐ என்பது அதற்கு என்ன ஆனது. எஸ்பிஎன் 100 ஒயில் பிரஷர், 110 தண்ணீர் வெப்பநிலை. இங்கே எஃப்எம்ஐயைப் பார்க்காமல் எஸ்பிஎன்னை மட்டும் பார்த்து ஓடுபவர்கள்தான் அதிகம், அதில் காசும் போகிறது, சில நேரம் எஞ்சினும் போகிறது. 100க்குப் பக்கத்தில் எஃப்எம்ஐ 1 என்றால் ஒயில் அழுத்தம் உண்மையிலேயே ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று இசியு நம்புகிறது. அது மீற்றரை எடுக்கும் நேரமில்லை, எஞ்சினை நிறுத்தும் நேரம். அதே 100க்கு எஃப்எம்ஐ 3 அல்லது 4 என்றால், சென்சரிலிருந்து வரும் மின்னழுத்தம் அளவுக்கு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று பொருள். முதலில் வயரையும் பிளக்கையும் பாருங்கள், ஒயில் பம்புக்குப் போகாதீர்கள். எஸ்பிஎன் 639 என்று வந்தால் அது நெட்வேர்க்கைப் பற்றியே எழும் முறைப்பாடு, எஞ்சினைக் குறை சொல்ல வேண்டாம்.

இப்போது படகுக்கே உரிய சிக்கலுக்கு வருவோம். படகில் எஞ்சின் மட்டும் இல்லையே. ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் கருவி, காற்று அளக்கும் கருவி, ஓட்டோ பைலட் எல்லாம் உண்டு. இவை பேசும் மொழி என்எம்இஏ 2000, இது 2001இல் வந்தது. இதற்கு முன்பிருந்த என்எம்இஏ 0183 கேன் பஸ்ஸே இல்லை, ஒருவர் பேச மற்றவர்கள் கேட்கும் பழைய தொடர் வயர், செக்கனுக்கு 4800 பிட்தான் சாதாரண வேகம். என்எம்இஏ 2000 ஜே1939இன் மேல் கட்டப்பட்டது. அதே கேன் பஸ், அதே 250 கிலோபிட், அதே 29 பிட் அடையாளம். அப்படியானால் எஞ்சினின் மஞ்சள், பச்சை வயர் இரண்டையும் கொண்டுபோய் டிஸ்பிளேயின் வெள்ளை, நீல வயரோடு முடிந்துவிட்டால் என்ன என்று எல்லோருக்கும் ஒரு நாள் தோன்றும். எனக்கும் தோன்றியது. வேண்டாம்.

முதல் காரணம், சொற்கள் வேறு. எஞ்சின் 61444இல் 0.125 ஆர்பிஎம் கணக்கில் சொல்வதை, என்எம்இஏ 2000 கருவி 127488 என்ற எண்ணில் 0.25 ஆர்பிஎம் கணக்கில் எதிர்பார்க்கும். 688 ஆர்பிஎம் ஒரு பக்கம் 5504, மறுபக்கம் 2752. வெப்பநிலை இன்னும் வேடிக்கை: எஞ்சின் 40 கூட்டிய செல்சியஸில் 120 என்று சொல்லும் அதே 80 பாகையை, படகுப் பக்கம் கெல்வினில், நூறில் ஒரு பங்குக் கணக்கில், 35315 என்று எழுதும். கொழும்பில் ஒருவர் தமிழிலும் மற்றவர் சிங்களத்திலும் கதைத்தால்கூட நடுவில் கொஞ்சம் புரியும், இங்கே அதுவும் கிடையாது. இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது. சில படகுகளில் திரொட்டிலுக்குக் கேபிளே இல்லை, நெம்புகோலைத் தள்ளினால் அந்தக் கட்டளையும் வயரில் செய்தியாகத்தான் போகிறது. ஜே1939இல் எஞ்சினின் வேகத்தைக் கேட்டுப் போகும் கட்டளையின் பிஜிஎன் எண் 0. அந்த வயரில் ஜிபிஎஸ்ஸையும் இசைப்பெட்டியையும் கொண்டுவந்து மாட்டி, அவற்றில் ஒன்று பழுதாகி வயரை ஷோர்ட் பண்ணினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். அதனால்தான் நடுவில் ஒரு கேட்வே வைக்கிறார்கள், எஞ்சின் சொல்வதை மொழிபெயர்த்துப் படகுப் பக்கம் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி. எஞ்சின் கொம்பனிகளே தங்களுக்கென்று ஒன்று விற்கின்றன, வொல்வோ பென்டாவுக்கு ஒன்று, யமஹாவுக்கு ஒன்று, மேர்க்குரிக்கு ஒன்று. விலை அதிகம்தான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

இரட்டை எஞ்சின் படகில் கேட்வே பூட்டும்போது ஒரு விஷயத்தை மறக்கவே கூடாது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு இலக்கம் கொடுக்க வேண்டும், இடப்பக்க எஞ்சினுக்கு 0, வலப்பக்கத்துக்கு 1. இரண்டுக்கும் 0 கொடுத்துவிட்டால் டிஸ்பிளேயில் ஒரே ஊசி 700க்கும் 1800க்கும் இடையில் பேய் பிடித்தது போலத் துள்ளும். ஸ்கிப்பர் எஞ்சின் பழுது என்பார், உரிமையாளர் டிஸ்பிளே பழுது என்பார், இரண்டும் நல்லாகவே இருக்கும்.

சரி, தலைப்பில் உள்ள அறுபது ஓம். காலிமுகத்திடலில் செங்குத்துச் சுவரில் மோதும் அலையைப் பார்த்திருப்பீர்கள், மோதித் திரும்பி வந்து அடுத்த அலையோடு முட்டிக் குழம்பும். பெரிய கற்களைக் குவித்த இடத்தில் அலை அப்படித் திரும்பாது, கற்களுக்குள் செத்துவிடும். வயரின் முனையிலும் மின்னலை அப்படித்தான், ஒன்றும் இல்லாவிட்டால் முட்டித் திரும்பும். அதைச் சாகடிக்கத்தான் முதுகெலும்புக் கேபிளின், அதாவது எல்லாக் கருவியும் வந்து சேரும் பிரதான கேபிளின், இரண்டு முனையிலும் ஒவ்வொரு 120 ஓம் தடை. இரண்டு 120 பக்கவாட்டில் இணைந்தால் 60. ஆகவே எல்லாவற்றையும் ஓஃப் பண்ணிவிட்டு, பற்றரி சுவிட்சையும் திருப்பிவிட்டு, ஹைக்கும் லோவுக்கும் இடையில் மல்டிமீற்றரை வைத்தால் 60ஐ ஒட்டி வர வேண்டும். 120 வந்தால் ஒரு பக்கத் தடை இல்லை அல்லது நடுவில் எங்கோ வயர் அறுந்திருக்கிறது. 40 வந்தால் யாரோ மூன்றாவதாக ஒன்றை மாட்டியிருக்கிறார்கள். சைபருக்குக் கிட்ட வந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சில இசியுக்களுக்கு உள்ளேயே ஒரு 120 இருக்கும், ஆகவே வெளியே ஒன்றுதான் தெரிகிறது என்று அவசரப்பட்டு இன்னொன்றைச் சேர்க்காமல், முதலில் அளந்து பாருங்கள். கேபிளை நடுவில் ஒரு இடத்தில் கழற்றி இரு பக்கமும் தனித்தனியே அளந்தால் ஒவ்வொரு பக்கமும் 120 காட்ட வேண்டும். எந்தப் பக்கம் காட்டவில்லையோ அந்தப் பக்கமாக நடந்து போனால் பழுது கிடைக்கும்.

அடுத்து, கரண்டைப் போட்டுவிட்டு ஒவ்வொரு வயரையும் தரைக்கு எதிரே வோல்ற்றில் அளந்து பாருங்கள். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போது மீற்றர் சராசரியைத்தான் காட்டும், ஹை 2.5க்குக் கொஞ்சம் மேலே, லோ 2.5க்குக் கொஞ்சம் கீழே. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 5. ஹை 12ஐக் காட்டினால் எங்கோ பற்றரி வயரோடு ஒட்டியிருக்கிறது. இந்த இரண்டு அளவையும் எடுக்கப் பத்து நிமிடம் போகாது, மடிக்கணினியைத் திறக்கவும் தேவையில்லை.

அன்று டிக்கோவிட்டவில் எனக்கு இது எதுவும் தெரியாது. டிஸ்பிளேயில் எஞ்சின் தகவல் வருவதும் போவதுமாக இருந்தது. நான் இசியுதான் பழுது என்று முடிவு கட்டி, அதன் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்துப் பூட்டினேன், சென்சர்களை மாற்றி மாற்றிப் பார்த்தேன், எஞ்சின் அறைச் சூட்டில் சட்டை பிழியும் அளவுக்கு வியர்த்தது. பின்னேரம் அந்த அண்ணன் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல் என் மீற்றரை வாங்கி இரண்டு முனையை வைத்தார். 117 காட்டியது. கேபிள் வழியே விரலால் தடவிக்கொண்டு போய், தளத்துக்கு அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் கிடந்த ஒரு டீ இணைப்பை, பிரதான கேபிளிலிருந்து கிளை பிரியும் T வடிவ இணைப்பை, கழற்றினார். உள்ளே பச்சை. உப்புத் தண்ணீர் புகுந்து செம்பு முள்ளைத் தின்றுவிட்டிருந்தது, படகு ஆடும்போது முட்டும், ஆடாதபோது விடும். அந்த ஒரு டீயை மாற்றியதும் 60. "கம்பியூட்டரை அப்புறம் பார்க்கலாம் தம்பி, முதல்ல செம்பைப் பாரு" என்றார்.

இந்த வேலையில் இறங்கிய பிறகு நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை செம்பு, உப்பு, கரண்ட் இந்த மூன்றில் ஒன்றுதான். காரில் வராத அளவுக்குப் படகில் உப்பு வரும், ஆகவே ஈயம் பூசிய செம்பு வயரும் தண்ணீர் புகாத இணைப்பும் போடுங்கள், பஞ்சிகாவத்தையில் காருக்கு வாங்கும் சாதாரண வயரைப் படகில் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்கினாலே அதிசயம். கரண்ட் விஷயமும் தனி. என்எம்இஏ 2000 கேபிளுக்குள் ஐந்து வயர் உண்டு: வெள்ளை ஹை, நீலம் லோ, சிவப்பு நேர், கறுப்பு மறை, அப்புறம் மின் இரைச்சலைத் தடுக்கும் கவசம். சின்னக் கருவிகள் அந்தச் சிவப்பு, கறுப்பிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும், அவற்றுக்கு 9 முதல் 16 வோல்ற் வரை வேண்டும். இந்தக் கரண்டை ஸ்டார்ட்டர் பற்றரியிலிருந்து எடுத்தால், எஞ்சினைக் கிராங்க் பண்ணும் ஒவ்வொரு முறையும் மின்னழுத்தம் விழுந்து டிஸ்பிளே அணைந்து எழும். வேறு பற்றரியிலிருந்து, பியூஸ் வைத்து, ஒரே ஒரு இடத்தில் கொடுங்கள்.

நீளத்துக்கும் கணக்கு உண்டு. சாதாரண மெல்லிய கேபிளில் முதுகெலும்பு 100 மீற்றருக்கு மேல் போகக் கூடாது, அதிலிருந்து கருவிக்கு இறங்கும் ஒவ்வொரு கிளையும் 6 மீற்றருக்குள், கிளைகள் எல்லாம் சேர்த்து 78 மீற்றருக்குள், கருவிகள் 50க்குள். எங்கள் படகுகளில் 100 மீற்றர் வரப்போவதில்லை, பிரச்சினை கிளையில்தான். டீ வாங்கக் காசு மிச்சம் பிடிக்க ஒரு கிளையின் முனையில் இன்னொரு கிளை, அதன் முனையில் இன்னொன்று என்று ஆலமரம் போல் விட்டுக்கொண்டு போவார்கள். ஜே1939 பக்கம் இது இன்னும் கண்டிப்பு, கவசமுள்ள கேபிளில் கிளை ஒரு மீற்றர்தான்.

பழகுவதற்குப் படகு தேவையில்லை, மேசை போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகை இரண்டு, எம்சிபி 2515 சிப் வைத்த இரண்டு கேன் மொடியூல் வாங்குங்கள். வீட்டில் கிடக்கும் பழைய நெட்வேர்க் கேபிளை வெட்டினால் முறுக்கிய சோடி வயர் இலவசம். ஒன்றில் 61444 என்ற எண்ணோடு போலி ஆர்பிஎம் அனுப்புங்கள், மற்றதில் வாங்கி 8ஆல் வகுத்துக் காட்டுங்கள். மூன்று இடத்தில் தடுக்கி விழுவீர்கள், நானும் விழுந்தேன். ஒன்று, தனியாக ஒரே ஒரு மொடியூலை வைத்து அனுப்பிப் பார்ப்பது. கேன் பஸ்ஸில் கேட்டவர் 'கேட்டது' என்று ஒரு பிட்டில் தலையாட்ட வேண்டும், கேட்க ஆளே இல்லாவிட்டால் அது அதே செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். இரண்டு, அந்த மொடியூலில் இருக்கும் கிரிஸ்டல் சிலவற்றில் 8 மெகாஹேர்ட்ஸ், சிலவற்றில் 16. நிரலில் தவறாகச் சொன்னால் ஒரு சத்தமும் வராது, மேலே பொறித்திருக்கும் எண்ணைக் கண்ணாடி வைத்து வாசியுங்கள். மூன்று, அதில் ஒரு 120 ஓம் தடை ஜம்பரோடு வரும். மேசையில் இரண்டு மொடியூலுக்கும் அது வேண்டும். ஆனால் அதே மொடியூலைப் படகுக்குக் கொண்டுபோய் ஓடும் கேன் பஸ்ஸில் கிளையாக மாட்டினால், அது அந்த மூன்றாவது தடை ஆகிவிடும், 60 இறங்கி 40 ஆகும். ஜம்பரைக் கழற்றிவிட்டுப் போங்கள்.

படகில் மாட்டும்போது நிரலில் கேட்க மட்டும் என்ற நிலை இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். அந்த நிலையில் உங்கள் கருவி தலைகூட ஆட்டாது, ஒரு பிட் கூட எழுதாது. திரொட்டில் கட்டளையும் போகும் வயரில் தெரியாமல் ஒரு செய்தியை விட்டுவிட்டு, கியர் விழுந்து படகு ஜெட்டியில் முட்டினால் அதற்கு யாரும் காப்புறுதி தர மாட்டார்கள். கையேட்டைப் படித்து, எஞ்சின் கொம்பனியின் கருவியே கையில் இருந்தாலொழிய எழுதும் வேலைக்குப் போக வேண்டாம்.

லினக்ஸ் மடிக்கணினியும் யூஎஸ்பி கேன் அடப்டரும் இருந்தால் கேன் யூட்டில்ஸ் என்ற இலவச மென்பொருள் தொகுதியில் உள்ள கேன்டம்ப் எல்லாவற்றையும் வரிவரியாகப் பதிந்து தரும். கயிறு கட்டி நிற்கும் படகில், கியர் நியூட்ரலில், ஸ்கிப்பர் பக்கத்தில் நிற்கும்போது, ஒரு நிமிடம் ஐடிலில் பதியுங்கள். பிறகு அவரை மெல்லத் திரொட்டிலைக் கூட்டச் சொல்லி இன்னொரு நிமிடம், எஞ்சின் சூடான பிறகு மூன்றாவது நிமிடம். வீட்டுக்கு வந்து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தப் பைட் திரொட்டிலோடு ஏறுகிறது, எது சூட்டோடு மட்டும் ஏறுகிறது, எது அசையாமலே 255இல் நிற்கிறது என்று தேடுங்கள். முதலில் 61444ஐக் கண்டுபிடியுங்கள், அதைத் தவறவிட முடியாது, மிக அடிக்கடி வரும் செய்திகளில் அதுவும் ஒன்று.